சில்லுக்கத்தி ஓடிய சீலை

1

வெள்ளிக்கிழமைக்குள் வீட்டிலிருந்து ஒரு துணித்துண்டு கொண்டுவர வேண்டும் என்று மகளின் ரீச்சர் பாடசாலை வாசலில் வைத்துச் சொன்னார். ரொறன்ரோவுக்கு வந்த இந்த மூன்று வருடத்தில் நான் நன்றாகப் பழகிக்கொண்ட காரியம், விளங்கினாலும் விளங்காவிட்டாலும் தலையை ஆட்டுவது. ஆனால் அன்றைக்கு எல்லாம் விளங்கியது. வகுப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சாண் அளவில் ஒரு சதுரத் துணி கொண்டுவர வேண்டும். எல்லாவற்றையும் பொருத்தித் தைத்து ஒரு பெரிய போர்வையாக்கி வகுப்பறைச் சுவரில் மாட்டப் போகிறார்கள். இங்கே அதற்குக் 'குவில்ற்' என்று பெயர். கடையில் வாங்கிய புதுத்துணி கூடாது. வீட்டில் பாவித்ததாக, அந்த வீட்டைப் பற்றி ஏதாவது சொல்வதாக இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பனி கொட்டியது. தர்சினிக்கு நாலரை வயது. என் கையை விட்டுவிட்டு முன்னால் ஓடினாள். பிறகு திரும்பி வந்து, "அம்மா, என்ர பூனைச் சட்டையை வெட்டுவம்" என்றாள்.

பூனைச் சட்டை என்பது, பழைய உடுப்பு விற்கும் கடையில் அவளுக்கு நான் வாங்கிய முதலாவது இரவுச் சட்டை. வெள்ளையில் ரோஸ் நிறப் பூனைகள். இப்போது அது முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. ஆனாலும் எறிய விடமாட்டாள்.

"அது இஞ்ச வாங்கினது. ரீச்சர் வீட்டுத் துணியெல்லோ கேட்டவா?"

"அது வீட்டிலதானே இருக்கு."

"எங்கட வீட்டுத் துணி எண்டா ஊர்த் துணி, பிள்ளை."

அவள் நின்று என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பட் திஸ் இஸ் ஹோம்" என்றாள். இதுதானே வீடு என்று. கோபமாகச் சொல்லவில்லை. வழி தவறி நிற்கும் ஒருத்திக்குத் தெருவைக் காட்டுவதுபோலச் சொன்னாள்.

திரும்பவும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எந்தத் துணியைக் கொடுப்பது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. எங்களிடம் ஊர்த் துணி என்று மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. அம்மாவின் நீலச் சீலை. வெள்ளிக்கிழமைக்குள் அதில் கத்தி வைக்க வேண்டும்.

2

அந்தச் சீலை அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பொலித்தீன் பைக்குள் இருக்கிறது. வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துப் பையின் வாயை அவிழ்த்து முகத்தை உள்ளே வைப்பேன். விறகுப் புகை, வேப்பெண்ணெய், வெயிலில் காய்ந்த மிளகாய். ஒரு மூச்சு இழுத்துவிட்டு உடனே கட்டிவிடுவேன். வாசனையைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. இங்கே வந்து மடித்து வைத்த நாளிலிருந்து அதை நான் முழுதாக விரித்ததில்லை. விரித்தால் அம்மா போய்விடுவாள் என்று ஒரு பயம்.

அந்தச் சீலையோடுதான் அம்மா மலையிலிருந்து இறங்கினாள். எழுபத்தேழுக் கலவரத்தில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் வீடாக இருந்த ஒற்றைக் காம்பரா எரிந்த பிறகு. எங்களை லொறியில் ஏற்றி, வவுனியாவையும் தாண்டி, கிளிநொச்சிப் பக்கம் ஒரு காட்டோரத்தில் இறக்கினார்கள். வழியெல்லாம் மழை. அம்மா சீலைத் தலைப்பை எங்கள் தலைகளுக்கு மேலே கூடாரம்போலப் பிடித்துக்கொண்டு வந்தாள். லொறியின் பின்பலகையில் இருந்த ஓர் ஆணி அதைக் கிழித்தது. அந்த நாளில் அம்மா அழுதது அதற்கு மட்டும்தான். எரிந்த வீட்டுக்கு அழவில்லை.

அப்பா காடு வெட்டப் போனார். அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டாள், மிளகாய் ஆய்ந்தாள். என்னைப் பாடசாலையில் சேர்த்தாள். எங்கள் குடும்பத்தில் கையெழுத்து வைக்கத் தெரிந்த முதல் ஆள் நான். சாதாரண தரப் பரீட்சை பாஸ் பண்ணிய முதல் ஆளும் நான்தான். பிறகு கொஞ்சக் காலம் பாலர் வகுப்பில் படிப்பித்தும் இருக்கிறேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை.

பாடசாலையில் முதல் வாரம் ஒருத்தி, "தோட்டக்காட்டாள் வாறாள், தள்ளி இருங்கோடி" என்றாள்.

"ஓம், தோட்டம்தான்" என்றேன். "நீ விடிய எழும்பிக் குடிக்கிற தேத்தண்ணி எங்கட அம்மா கிள்ளினது. வேண்டாமெண்டா நாளையில இருந்து குடியாத."

அவளுடைய தமிழிலேயே சொன்னேன். ஒரு வாரத்தில் அதைப் பிடித்துவிட்டேன். இன்றுவரை பிடிக்காதவள் அம்மாதான். பிடிக்க விரும்பவும் இல்லை.

என் முதலாவது வெள்ளைச் சட்டை எனக்குச் சிறுத்துப் போனபோது, அம்மா அதில் ஒரு துண்டை வெட்டிச் சீலைத் தலைப்பின் கிழிசலுக்கு ஒட்டுப் போட்டாள். கருநீலத்தில் பளிச்சென்று வெள்ளை. கிணற்றடியில் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"என்ன லெட்சுமி, கடையில நீலத்துணி முடிஞ்சு போச்சோ? தூரத்தில பாத்தா முதுகில கொக்கு இருக்கிற மாதிரியெல்லோ கிடக்கு!"

"இருக்கட்டுங்க" என்றாள் அம்மா, கயிற்றை இழுத்தபடி. "பாக்குறவங்க கேக்கணும்ல? கேட்டாத்தானே எம்மவ பள்ளிக்கூடத்துச் சட்டைன்னு நான் சொல்ல முடியும்."

தர்சினியை அந்தச் சீலையில்தான், தொட்டிலாக ஏணை கட்டி ஆட்டினோம். புறப்பட்ட நாளில் அம்மா அதைத் தோய்க்காமலே கையில் தந்தாள்.

"கொண்டு போ புள்ள. அங்கிட்டுத் தொட்டி கட்டச் சேல கெடைக்குமோ என்னமோ."

"அங்க வீடுகளில வளைமரம் இல்லையாம் அம்மா. ஏணை கட்டேலாது."

"வளை இல்லாம கூர எப்பிடி நிக்கும்? பொய் சொல்லுறாங்க. சரி, கட்ட முடியலேன்னா போத்திக்க."

வந்து பார்த்தேன். உண்மையாகவே வளை இல்லை.

3

என்னால் ஊருக்குப் போக முடியாது. எங்கள் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. முடியும்வரை இந்த நாட்டை விட்டு வெளியே காலெடுத்து வைக்கக் கூடாது. முதல் விசாரணையில் அதிகாரி என் பிறந்த இடத்தைக் கேட்டார். தோட்டம் என்றேன். மொழிபெயர்க்க வந்தவர் என்ன சொன்னாரோ, நான் ஒரு பூந்தோட்டத்தில் பிறந்தவள் என்று கோப்பில் ஏறிவிட்டது. திருத்த இரண்டு தடவை போனேன். இன்னும் பூந்தோட்டம்தான்.

"தகப்பன் எந்த நாட்டுப் பிரசை?"

"ஒரு நாடும் இல்லை."

"எந்த நாடு இல்லை என்கிறீர்கள்?"

"எந்த நாடும் இல்லை."

அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மூன்று தலைமுறையாகத் தேயிலைக்கு மண் அணைத்த குடும்பத்துக்கு மண் இல்லை என்பதை எந்தக் கட்டத்துக்குள் எழுதுவது? அந்தப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கவில்லை.

ஆகையால் போகக்கூடியவர்களிடம் கொடுத்துவிடுவதுதான் வழி. வவுனியாவைச் சேர்ந்த கமலா அக்கா என்னோடு அலுவலகங்கள் துப்புரவு செய்யும் வேலை செய்கிறா. அண்ணன் கூப்பிட்டு முறையான பத்திரங்களோடு வந்தவ. மாதக் கடைசியில் ஊருக்குப் போகிறா.

"அம்மாவுக்கு என்ன தந்துவிடப் போறீர், சரோ?" என்று அன்றைக்கும் கேட்டா. "பாரமில்லாமத் தாரும். என்ர பெட்டியில ஊராற்ற சாமான்தான் கிடக்கு. என்ர சீலையை நான் உடுத்துக்கொண்டுதான் போகவேணும்."

சண்டையால் கிளிநொச்சிப் பக்கம் இருக்க முடியாமற்போன பிறகு, அம்மாவும் அப்பாவும் முள்ளியவளைக்குப் போய்விட்டார்கள். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. என் கடிதத்தைப் பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் உரத்து வாசித்துக் காட்டுவார். அம்மாவின் பதிலையும் அவரே எழுதுவார். 'நாம் நலம். உங்கள் நலமறிய ஆவல்.' அம்மா ஒருநாளும் அப்படிக் கதைக்கிறவள் அல்ல. சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தவர்கள் கேட்டுக்கொண்டு நிற்க, ஓர் ஆண்குரலில் என் கடிதம் வாசிக்கப்படுவதை நினைத்தால், நான் எழுத உட்காரும்போதே பாதி வசனங்கள் பேனைக்குள் திரும்பிப் போய்விடும். படித்து என்ன? என் எழுத்து அம்மாவிடம் போய்ச் சேரவேயில்லை.

4

நாங்கள் இருப்பது ஒரு போர்த்துக்கீசக் குடும்பத்தின் வீட்டு மேல்மாடி. கீழே இருக்கும் மரியா அந்த வீட்டு மருமகள். என் வயதுதான் இருக்கும். அவளுடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் இரண்டு நொண்டிகள் தோளைப் பிடித்துக்கொண்டு நடப்பதுபோல. வந்த புதிதில் ஒருநாள் அவள் தன் மாமியாரைப் பார்த்து என்னவோ சொன்னாள். அதில் 'ஜனெலா' என்று காதில் விழுந்தது. நான் எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்தினேன். இருவரும் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தார்கள். அன்றையிலிருந்தே ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் கேட்டோம். மேசை, குசினி, கதிரை, மூக்குத் துடைக்கும் லேஞ்சி, துவாய், சப்பாத்து. எல்லாம் அவளுக்கும் கிட்டத்தட்ட அதேதான்; எப்போதோ போர்த்துக்கீசர் எங்கள் தமிழில் விட்டுப்போன சொற்கள். அம்மாவுக்குக் கதிரை நாற்காலி, குசினி அடுப்படி. வன்னிக்கு வந்து நான் பழகிய சொற்கள், இங்கே ஒருத்தியோடு சிநேகிதம் பிடிக்க உதவின.

மரியா பழந்துணிகளை வெட்டி அழகழகான போர்வைகள் தைப்பாள். தர்சினிக்குத் துணி வேண்டும் என்றதும், மேசை லாச்சியிலிருந்து ஒரு சாமானை எடுத்து வைத்தாள். விரல் நீளத்தில் ஒரு பிடி. அதன் நுனியில், இப்போது புதிதாக வந்திருக்கும் ஒரு டொலர் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய, வட்டமான ஓர் அலகு. தள்ளினால் சில்லுப்போல உருளும். உருண்ட இடமெல்லாம் துணி வெட்டுப்படும். அதன் இங்கிலீஷ் பெயர் எனக்கு வாயில் வரவில்லை. சில்லுக்கத்தி என்று நானே வைத்துக்கொண்டேன்.

"பெரியதும் என்னிடம் இருக்கிறது" என்றாள் மரியா. "அது நீட்டுக்கோட்டுக்கு. பத்து மடிப்பென்றாலும் போகும். ஆனால் எனக்கு இந்தச் சின்னதில்தான் விருப்பம்."

"ஏன்?"

அவள் வாயால் சொல்லவில்லை, செய்து காட்டினாள். ஒரு தேத்தண்ணிக் கோப்பையின் தட்டத்தைத் துணிமேல் கவிழ்த்து அதன் விளிம்போடு சில்லை ஓட்டினாள். அப்பழுக்கில்லாத வட்டம். பெரிய சில்லு அப்படித் திரும்பாதாம். தைத்து முடித்த மூலைகளில் நாய்க்காதுபோல நீட்டிக்கொண்டிருந்த துணுக்குகளை ஒரே தள்ளில் சீவினாள். மெசினில் மாலைபோல வரிசையாகத் தைத்து வைத்திருந்த துண்டுகளுக்கு நடுவே ஓடிய நூல்களை, டிக் டிக்கென்று அறுத்தாள். துணியை மூலைவாட்டில் வைத்துச் சுண்டுவிரல் அகலத்தில் கீலங்கள் எடுத்தாள். அப்படி எடுத்தால் இழுபடுமாம், வளைந்த ஓரத்துக்குப் பட்டி வைக்க நல்லதாம். பிறகு பூப்போட்ட துணியில் ஒரு பூவை மட்டும் சுற்றி ஓட்டி, இதழோடு இதழாகப் பிரித்தெடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு, அலகின் மூடியைத் தள்ளி மூடினாள். மூடாமல் விட்ட ஒருநாள் நடந்ததை, தன் பெருவிரலைத் திருப்பிக் காட்டிச் சொன்னாள். நீளமாக ஒரு தழும்பு.

"கீழே இந்தப் பச்சைப் பலகை கட்டாயம் இருக்க வேண்டும். பயப்படக் கூடாது. பயந்தால் சில்லு அங்கங்கே தாண்டும். அழுத்து, முன்னால் தள்ளு. அவ்வளவுதான்."

கத்தியையும், வளையக்கூடிய அந்தப் பச்சைப் பலகையையும், கண்ணாடிபோன்ற, அளவுக்கோடு போட்ட அடிமட்டத்தையும் மேலே கொண்டுவந்தேன்.

இரவு வேலையால் வந்த என் கணவர் மேசையில் இவற்றைக் கண்டுவிட்டு, "இஞ்சரும், உண்மையா அந்தச் சீலையையே வெட்டப் போறீர்?" என்று கேட்டார்.

"உள்ளுக்குச் செருகுற முனையிலதான். ஒருத்தருக்கும் தெரியாத இடம்."

"உமக்குத் தெரியுமே" என்றார்.

5

மறுநாள் தர்சினி பாடசாலைக்குப் போன பிறகு ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் பையை அவிழ்த்தேன்.

அம்மா சீலை மடிப்பதில் ஒரு முறை உண்டு. தலைப்பை ஒருபோதும் வெளியே விடமாட்டாள். பூச்சி அரித்தாலும், புகை படிந்தாலும் அது இடுப்பில் செருகும் முனைக்கே வரட்டும் என்பாள். ஆகவே அகலத்தை இரண்டாக மடித்து, தலைப்பை உள்ளே விட்டு, மற்ற முனையை அதன்மேல் போர்த்தி மூடுவாள். நானும் வேறு விதமாக மடித்ததில்லை. இங்கே வந்து, கடைசியாக அந்தச் சீலையை மடித்துப் பைக்குள் வைத்தபோதும் அப்படித்தான் மடித்தேன்.

முழுதாக விரித்து மேசையில் போட்டிருந்தால் ஒரு பிரச்சினையும் வந்திராது. எனக்கு மனம் வரவில்லை. வாசனை போய்விடும். ஆகவே மடிப்பைக் கலைக்காமல், மேலே கிடந்த ஏட்டை மட்டும் கொஞ்சம் தூக்கி, பச்சைப் பலகையை மெல்ல உள்ளே செருகினேன். பலகைக்கு மேலே இருப்பது வெளிமுனை மட்டும்தான் என்று நினைத்தேன். இரட்டை மடிப்பு. இரண்டு துண்டு வரும், ஒன்று பிழைத்தால் மற்றது உதவும்.

அடிமட்டத்தை வைத்தேன். பயப்படக் கூடாது என்று மரியா சொன்னது ஞாபகம் வந்தது. அழுத்தினேன். முன்னால் தள்ளினேன். நாலு பக்கமும் ஓட்டினேன். ஒரு சத்தம் இல்லை. தண்ணீரில் விரலை இழுத்ததுபோல இருந்தது.

கத்தரிக்கோலாக இருந்தால் ஒவ்வொரு மடிப்புக்கும் கைக்கு ஒரு பாரம் தெரிந்திருக்கும். எத்தனை ஏடு வெட்டுப்படுகிறது என்று விரல் சொல்லியிருக்கும். இந்தச் சில்லுக்கு அந்தக் குணம் இல்லை. அம்மா தோய்த்துத் தோய்த்து நைந்த நூல்சீலை, நாலு மடிப்புச் சேர்ந்தாலும் இந்த நாட்டுத் துணி ஒன்றின் தடிப்புக்கு வராது.

சதுரத்தை எடுத்தேன். கீழே இன்னொன்று. எதிர்பார்த்ததுதான். அதையும் எடுத்தேன். கீழே இன்னொன்று இருந்தது. அதில் தலைப்பின் மஞ்சள் கோடுகள் ஓடின. அதற்கும் கீழே நாலாவது. அதன் ஒரு பக்கத்தில் வெள்ளை.

என் பாடசாலைச் சட்டைத் துண்டு. நான் தூக்கிய ஏட்டோடு தலைப்பும் சேர்ந்து பலகைக்கு மேலே வந்திருக்கிறது. அம்மா போட்ட ஒட்டின் நடுவால் சில்லு ஓடியிருந்தது.

நான் கதிரையில் இருந்துவிட்டேன். பிறகு எழும்பி, மூன்று வருடமாகச் செய்யாத காரியத்தைச் செய்தேன். சீலையை முழுதாக விரித்தேன். மேசையின் நீளம் போதாமல் தரையில் விரித்தேன். குசினியிலிருந்து கூடம் வரை நீலம் ஓடியது. ஒரு முனையில் இரண்டு ஓட்டை, தலைப்பில் இரண்டு ஓட்டை. விறகுப் புகையும் வேப்பெண்ணெயும் ஒரு தடவை அறை முழுக்க எழும்பின. நான் அசையாமல் நின்று மூச்சை இழுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் ஹீற்றரின் வாசனை மட்டும்தான் இருந்தது.

6

மத்தியானம் மரியாதான் தன் மகனோடு தர்சினியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கதவைத் திறந்ததும் தரையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள்.

"முதலில் கத்தியை மூடு" என்றாள்.

தானே போய் மூடினாள். பிறகு என் பக்கத்தில் தரையில் இருந்து, ஓட்டைகளின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"உன் அம்மாவுடையதா?"

"ஓம்." அவளோடு இங்கிலீஷில்தான் பேசுவேன். அன்றைக்கு ஓம் என்றுதான் வந்தது.

"நான்தான் அழுத்தச் சொன்னேன்" என்றாள். ஓரத்தில் பிரிந்த நூலொன்றை நீவிவிட்டாள். "என்னிடம் நீலத்துணி இருக்கிறது. இதே நீலம். உள்ளே வைத்துத் தைத்தால் ஒருவருக்கும் தெரியாது."

ஒருவருக்கும் தெரியாது என்றதும், கயிற்றை இழுத்தபடி அம்மா சொன்னது நினைவு வந்தது. பாக்குறவங்க கேக்கணும்ல.

"நீலம் வேண்டாம்" என்றேன்.

தர்சினி இதற்குள் தலைப்பைத் தூக்கி, ஓர் ஓட்டைக்குள் முகத்தை வைத்திருந்தாள். "ஜன்னல்!" என்றாள். மரியாவுக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகை நிற்காமலே.

"இது ஆற்ற சீலை?" என்று தர்சினி கேட்டாள்.

"அம்மம்மாட. நீ இதுக்குள்ளதான் நித்திரை கொண்டனி. ஏணை கட்டி ஆட்டினது."

"நானோ? இதுக்குள்ளயோ?" தன்னைத் தானே ஒருதரம் குனிந்து பார்த்தாள். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "அம்மம்மா பேசுவாவா, நீங்கள் வெட்டினதுக்கு?"

"பேசமாட்டா. ஒட்டுப் போடுவா. இந்த வெள்ளையைப் பார், அது என்ர சட்டை. பள்ளிக்கூடத்துக்குப் போட்டது. எனக்குச் சிறுத்தாப் பிறகு வெட்டி வைச்சவா."

அவள் வெள்ளையை விரலால் தொட்டாள். எழும்பி அறைக்குள் ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் பூனைச் சட்டை.

"இதுவும் சிறுத்துப் போச்சு" என்றாள். "ஆனா ஒரு பூனையையும் தலையில்லாம வெட்டக் கூடாது."

அந்தச் சட்டையை ஒரு வருடமாக எறியவிடாத பிள்ளை அவள். ஒரு பொத்தானைக் கழற்றவும் விட்டதில்லை. நான் வாங்கிக்கொண்டேன்.

இரண்டு நாள் மரியாவின் மெசினில் இருந்தோம். என்னைக் காயப்படுத்திய அதே கத்திதான் எல்லாவற்றையும் செய்தது. ஓட்டையின் மூலை கூராக இருந்தால் அங்கிருந்து மேலும் கிழியும் என்று மரியா சொல்ல, தட்டத்தின் விளிம்பை வைத்து ஒவ்வொரு மூலையையும் வளைத்து வெட்டினேன். ஒவ்வொரு பூனையும் முழுதாக வரும்படி பார்த்து, வாலையும் மீசையையும் விட்டுவைத்து, துண்டுகள் எடுத்தேன். தைத்தபின் பின்பக்கத்தில் மிஞ்சிய விளிம்பைச் சீவினேன். சட்டையின் கைப்பக்கத்தில் மூலைவாட்டில் கீலம் எடுத்து, சுற்றிவரப் பட்டி வைத்தேன். தர்சினி பக்கத்தில் நின்று, ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும், "மூடுங்கோ, மூடுங்கோ" என்று கட்டளையிட்டாள். ஓர் இங்கிலீஷ் சொல்லும் இல்லாமல் அவள் அவ்வளவு நேரம் என்னோடு நின்றது கடைசியாக எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை.

தலைப்பில் வெள்ளை ஒட்டில் பாதி மிஞ்சியிருந்தது. அதை அப்படியே விட்டு, அதற்கு அணைவாக ஒரு பூனையை வைத்துத் தைத்தேன்.

7

வெள்ளிக்கிழமை பாடசாலைக்கு ஒரு நீலச் சதுரம் போனது. ஒரு பிள்ளையின் தாத்தாவின் கழுத்துப்பட்டிக்கும், இன்னொரு பிள்ளையின் சமையலறைத் திரைக்கும் நடுவில் அது இப்போது சுவரில் இருக்கிறது. இது எந்த நாட்டுத் துணி என்று ரீச்சர் கேட்டார். நான் பெயர் சொல்லத் தொடங்க, தர்சினி முந்திக்கொண்டு, அது தன்னுடைய பழைய கட்டில் என்றாள். ரீச்சருக்கு ஒன்றும் விளங்கியிராது. ஆனாலும் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

மாதக் கடைசியில் கமலா அக்கா, அம்மாவுக்கு அனுப்பும் சாமானை வாங்கிப்போக வீட்டுக்கு வந்தா. பார்சலின் பாரத்தைக் கையில் வைத்துப் பார்த்தா. பிறகு சந்தேகப்பட்டு அவிழ்த்தா.

"என்னப்பா இது? பழஞ்சீலையோ? அதுவும் பூனை ஒட்டின சீலை! கனடாவில இருந்து மகள் அனுப்பினது இதுதானோ எண்டு சனம் சிரிக்குமெல்லே. வவுனியாவில இறங்கினவுடன நானே ஒரு புதுச்சீலை வாங்கிக் குடுக்கிறன், விடும்."

"இல்லை அக்கா, இதையே குடுங்கோ."

"பாக்கிறவை என்னெண்டு கேக்கப் போகினம்."

"கேக்கட்டும் அக்கா. கேட்டாத்தானே அம்மா சொல்லலாம்."

கமலா அக்கா என்னைப் பார்த்தா. சீலையைத் திரும்ப மடிக்கத் தொடங்கினா. தலைப்பு வெளியே வந்தது. நான் வாங்கி, தலைப்பை உள்ளே விட்டு, மற்ற முனையை அதன்மேல் போர்த்தி மடித்துக் கொடுத்தேன். தர்சினி கடைசியாக ஒருதரம் பார்சலுக்குள் எட்டிப் பார்த்து, "அங்க ஸ்னோ இல்லைத்தானே? பூனைக்குக் குளிராது" என்றாள்.

என்னிடம் இப்போது அந்தச் சீலை இல்லை. அலுமாரி மேல்தட்டில் பொலித்தீன் பையும் இல்லை. மிஞ்சிய துண்டுகளில் மரியா ஒன்று கேட்டாள், கொடுத்தேன். தன் போர்வை ஒன்றின் நடுவில் வைத்திருக்கிறாள். இன்னொன்றைத் தர்சினி தன் பொம்மைக்குப் போர்த்துகிறாள். நாலாவதை மட்டும் நான் வைத்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் அரை வெள்ளை ஒட்டு. அம்மாவின் தையல், கொஞ்சம் கோணலாக, வந்து வந்து வெட்டிய இடத்தில் சட்டென்று நிற்கிறது. அதில் இப்போது ஒரு வாசனையும் இல்லை. ஆனாலும் முகத்தில் வைத்துப் பார்ப்பேன்.

பார்சல் வவுனியாவிலிருந்து முள்ளியவளைக்குப் போக எத்தனை நாள் ஆகும், பாதை திறந்திருக்குமா, ஒன்றும் தெரியாது. போய்ச் சேரும் என்றுதான் வைத்திருக்கிறேன். அம்மா முற்றத்தில் நின்று அதை உதறி விரிப்பாள். பூனையைக் கண்டு, "இது என்னாடி கூத்து" என்பாள். பேத்தியின் சட்டை என்று துணியின் நைவிலேயே பிடித்துவிடுவாள். பிறகு அவளுடைய விரல் தலைப்புக்குப் போகும். தான் போட்ட ஒட்டில் பாதியைக் காணவில்லை என்று தெரியும். மற்றப் பாதி யாரிடம் இருக்கிறது என்பதைச் சைக்கிள் கடைக்காரர் வந்து அவளுக்கு வாசித்துக் காட்டத் தேவையில்லை.